முதுகில் எதுவும் விலகவில்லை: கைரோபிராக்டரிடம் முதன்முறை போகிறவர்களுக்கு

சென்ற கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, காரின் பின்பெட்டியிலிருந்து 40 இறாத்தல் அரிசிப் பையைக் குனிந்து தூக்கிய அம்மா அப்படியே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நாரிப்பிடிப்பு, அதாவது கீழ்முதுகுப் பிடிப்பு. கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்து படுக்கவைத்தபோது அவர் சொன்னது: "எலும்பு விலகிவிட்டது பிள்ளை. கைராசியான ஒருவர் பிடித்து உள்ளே தள்ளினால் சரியாகிவிடும்."

அம்மா சிறுமியாக இருந்த காலத்தில் ஊரில் அதற்கென்று ஒரு முறிவு தெறிவு வைத்தியர் இருந்தார். எண்ணெய் பூசி, நீவி, ஓர் இழுப்பு இழுத்து அனுப்பிவிடுவார். இங்கே டொராண்டோவின் ஸ்காபரோவில் நம்மவர்கள் பலர் அந்த இடத்தில் கைரோபிராக்டரை வைத்துப் பார்க்கிறார்கள். பலசரக்குக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே, பிளாசாவுக்குப் பிளாசா அவர்களுடைய பெயர்ப்பலகை தொங்குகிறது. ஆனால் உள்ளே என்ன செய்வார்கள், எதற்கு உதவும், எதற்கு உதவாது, எப்போது கையை வைக்க விடக்கூடாது என்பதைத் தமிழில் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. நான் வைத்தியர் அல்ல. அம்மாவோடு போய்வந்ததிலும், அதற்கு முன் என் கழுத்து நோவுக்காக வேறோர் இடத்தில் பட்டதிலும், பிறகு தேடிப் படித்ததிலும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தொழிலைப் பற்றி. கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பு மூட்டுகளையும் மற்ற மூட்டுகளையும் கையால் அசைத்து நோவைக் குறைக்க முயலும் முறை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1991இல் வந்த சுகாதாரத் தொழில்களுக்கான சட்டம் அதன் மையச் செயலை மிகத் துல்லியமாக விவரிக்கிறது: முதுகெலும்பு மூட்டை, அந்த மனிதர் தானாக அசைக்கக்கூடிய வழக்கமான எல்லைக்கு அப்பால், வேகமான, ஆனால் சிறு தூரமே நகரும் ஓர் உந்துதலால் அசைப்பது. எல்லைக்கு அப்பால் என்பதால்தான் இதை யார் வேண்டுமானாலும் செய்ய அந்தச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. கைரோபிராக்டர், வைத்தியர், பிசியோதெரபிஸ்ட் போன்று உரிமம் பெற்ற சிலர் மட்டுமே செய்யலாம்.

கைரோபிராக்டர்கள் இங்கே தங்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளச் சட்டப்படி உரிமை உண்டு. அதைப் பார்த்து நம்முடைய மூத்தவர்கள் பலர் குழம்பிவிடுகிறார்கள். கைரோபிராக்டர்கள் குடும்ப வைத்தியர் அல்லர். மருந்து எழுதித் தருவதில்லை, சத்திரசிகிச்சை செய்வதில்லை. படிப்பு வேறு. பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் படித்த பிறகு நான்கு ஆண்டு தனிக் கல்வி. டொராண்டோவிலேயே 1945இல் தொடங்கிய கனேடிய மெமோரியல் கைரோபிராக்டிக் கல்லூரி இருக்கிறது. ஒன்ராறியோவில் தொழில் செய்கிற ஒவ்வொருவருடைய பெயரும் ஒன்ராறியோ கைரோபிராக்டர்கள் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் இருக்கும். பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது படிப்பிக்கும் இடம் அன்று. தொழிலைக் கண்காணிக்கும் அமைப்பு. போவதற்கு முன் இணையத்தில் அந்தப் பதிவேட்டைத் திறந்து பெயரைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.

எல்லா நாட்டிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை, இதை வேறு ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தவர் மட்டுமே கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்ள முடியும். மலேசியாவில் பாரம்பரிய மற்றும் துணை மருத்துவத்துக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இது வருகிறது. இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டமோ பதிவு மன்றமோ இல்லை. சில மாதப் பயிற்சி பெற்றவரும் முறையாகப் படித்தவரும் ஒரே பலகையைத் தொங்கவிட முடியும். அங்கே இருப்பவர்கள் எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்று வாய்விட்டுக் கேட்பதில் தயக்கமே காட்டக்கூடாது. முடி வெட்டியபின் கழுத்தைத் திருப்பி நெட்டி முறித்துவிடும் பழக்கமும் சில சலூன்களில் உண்டு. அதற்குத் தலையைக் கொடுக்கவே வேண்டாம்.

இந்தத் தொழிலைத் தொடங்கியவர் டேனியல் டேவிட் பாமர். 1845இல் பிறந்தார், பிறந்த இடம் எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் பிக்கரிங் பகுதி. இளவயதில் அமெரிக்காவுக்குப் போய், அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை என்ற பெயரில் கை வைத்துக் குணப்படுத்துபவராக இருந்தார். 1895 செப்டெம்பரில், அந்தக் கட்டடத்தைத் துப்புரவு செய்துவந்த ஹார்வி லிலார்ட் என்பவரின் முதுகில் ஓர் எலும்பு துருத்தி நிற்பதாகக் கண்டு அதைத் தள்ளியதாகவும், மந்தமாக இருந்த அவருடைய செவி அதன்பின் கேட்கத் தொடங்கியதாகவும் பாமர் எழுதிவைத்தார். கை என்பதற்கும் செயல் என்பதற்கும் உள்ள கிரேக்கச் சொற்களைச் சேர்த்து கைரோபிராக்டிக் என்று பெயர் வந்தது. எலும்பு சிறிது இடம் மாறி நரம்பை அழுத்துகிறது, உடலின் நோய்களில் பெரும்பாலானவை அதிலிருந்தே பிறக்கின்றன என்பது அவருடைய கொள்கை. உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்ததாக 1906இல் சிறைக்கும் போனார்.

என் அம்மா சொன்னதும் பாமர் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றே: எலும்பு விலகிவிட்டது, உள்ளே தள்ள வேண்டும். புதிதாகப் போகிற ஒருவர் மனதிலிருந்து முதலில் இறக்கிவைக்க வேண்டியது இந்த ஒரு நம்பிக்கையைத்தான். முதுகெலும்பின் கட்டைகள் வரிசையாக அடுக்கிய செங்கல் போன்றவை அல்ல. தடித்த தசைநார்களும் ஆழமான தசைகளும் அவற்றை எல்லாப் பக்கமும் கட்டிப்பிடித்திருக்கின்றன. அரிசிப் பை தூக்கியதற்காக ஓர் எலும்பு இடம் மாறிவிடாது. அப்படி உண்மையிலேயே விலகுவதற்குப் பெரிய விபத்தோ நெடுநாள் நோயோ வேண்டும். அப்போது போக வேண்டிய இடம் வைத்தியசாலை. நாரிப்பிடிப்பில் நடப்பது பெரும்பாலும் வேறு. ஒரு மூட்டையோ தசைநாரையோ சிறிது எரிச்சல்படுத்திவிடுகிறோம். சுற்றியுள்ள தசைகள் அதைக் காக்க இறுகிக்கொள்கின்றன. நோவு கடுமையாக இருக்கும். சேதம் சிறிதாக இருக்கும்.

பிரிட்டனில் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் பொதுக் கைரோபிராக்டிக் மன்றமே 2010இல், எலும்பு விலகல் என்ற அந்தப் பழைய கருத்து வரலாற்றில் இடம்பெற்ற ஒரு கோட்பாடு மட்டுமே என்றும், அதுதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லுமளவுக்கு ஆய்வுச் சான்று இல்லை என்றும் அறிவித்தது. ஆகவே இன்று நல்ல கைரோபிராக்டர் ஒருவர் உங்கள் எலும்பை இடத்தில் வைப்பதாகச் சொல்வதில்லை. இறுகிய மூட்டை அசையவைக்கிறேன், நோவைத் தணிக்கிறேன், நீங்கள் நடமாட வழி செய்கிறேன் என்றுதான் சொல்வார்.

முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது டிஸ்க். டிஸ்க் விலகிவிட்டது என்ற சொல்லும் இப்படித்தான் எத்தனையோ பேரைக் கட்டிலில் போட்டிருக்கிறது. முதுகு நோவே இல்லாதவர்களை எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. நோவில்லாத 20 வயதுக்காரர்களிலேயே சுமார் 30 விழுக்காட்டினருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. 80 வயதில் அது 84 விழுக்காடு. தலை நரைப்பதுபோல் டிஸ்க்கும் மாறுகிறது. படத்தில் தெரிவதெல்லாம் உங்கள் நோவின் காரணம் ஆகிவிடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதுகு விலகிக் கிடக்கிறது என்று நம்புகிறவர் குனியப் பயப்படுகிறார், நடக்கப் பயப்படுகிறார், வேலையை விட்டுவிடுகிறார். அந்தப் பயமே நோவை நீளச் செய்கிறது.

சரி, அந்தச் சத்தம்? கைரோபிராக்டர் மூட்டை உந்தும்போது சிகிச்சைக் கட்டிலில் கேட்கும் அந்த 'டக்' ஒலி எலும்பு இடத்தில் விழுந்த ஒலி அன்று. விரலைச் சொடக்கு எடுக்கும்போது கேட்பதே அதுவும். மூட்டுக்குள் வழுக்கலான ஒரு திரவம் இருக்கிறது. மூட்டின் இரு பரப்புகளும் திடீரென்று பிரியும்போது உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு வாயுக்குழி உண்டாகிறது. 2015இல் அல்பேட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டு சொடக்குவதை எம்ஆர்ஐ கருவிக்குள் படம்பிடித்து, அந்தக் குழி உருவாகும் கணத்தில்தான் ஒலி எழுகிறது என்று காட்டினார்கள். எல்லாம் அரை வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. அதே மூட்டு உடனே மறுபடி சொடக்காது, சற்று நேரம் ஆகவேண்டும். சத்தம் வந்தால் பலித்தது, வராவிட்டால் வீண் என்று எண்ணிப் படுத்திருக்க வேண்டாம்.

இனி முதல் நாள். அம்மாவுக்கு நோவு தொடங்கிய நான்காம் நாள், மெல்ல நடக்க முடிந்ததும் போனோம். வரவேற்பு மேசையில் நான்கு பக்கப் படிவம் ஒன்று தந்தார்கள். பழைய நோய்கள், சத்திரசிகிச்சைகள், விழுந்த கதைகள், குடிக்கிற மருந்துகள். அம்மாவுக்கு எரிச்சல். "நாரிக்குத்தானே வந்திருக்கிறேன், நெஞ்சு வருத்தத்தை ஏன் கேட்கிறார்கள்? ஒன்றுமில்லை என்று போட்டுவிடு" என்றார். நல்ல காலம், மருந்துகளை அவர் எப்போதும் போட்டுவைக்கும் நீல நிறத் துணிப்பை கைப்பையில் இருந்தது. அதை அப்படியே மேசையில் கொட்டினேன்.

கைரோபிராக்டர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மாத்திரைப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து, பெயர்களை எழுதிக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றார். வார்ஃபரின். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் இரத்தம் உறையாமல் இருக்க அம்மா ஆண்டுக்கணக்காகக் குடிப்பது. "அன்ரி, இந்த மாத்திரை குடிக்கும்போது நான் உங்களுக்கு அந்த வேகமான தள்ளலைச் செய்யமாட்டேன். உள்ளே இரத்தம் கசிந்தால் நிற்கப் பஞ்சிப்படும்" என்றார். பிறகு கேட்டார்: "எலும்பின் அடர்த்தி பார்த்திருக்கிறார்களா?" பார்த்திருந்தார்கள், அதுவும் குறைவு. பேனையை வைத்துவிட்டு, வேறு வழியில் செய்வோம் என்று சொன்னார். அந்தப் படிவத்தில் அம்மா சொன்னபடி ஒன்றுமில்லை என்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஆகவே மருந்துப் பையோடு போங்கள். நாட்டு மருந்து, மூலிகைத் தூள் எதையும் மறைக்காதீர்கள். ஸ்டீரொய்ட் மாத்திரை நெடுநாள் குடித்தவர்கள், எலும்பின் அடர்த்தி குறைந்தவர்கள், மூட்டுகள் வீங்கும் முடக்குவாதம் உள்ளவர்கள், புற்றுநோய் வந்து போனவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் அதை முதல் வாக்கியமாகவே சொல்லவேண்டும். முடக்குவாதம் கழுத்தின் மேல் மூட்டைத் தளர்த்திவிடக்கூடும். அங்கே வேகமாகத் திருப்புவது பேராபத்து.

படிவத்துக்குப் பிறகு சோதனை. குனியச் சொன்னார், பக்கவாட்டில் சாயச் சொன்னார், முழங்காலிலும் குதிக்காலிலும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார், பெருவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் கையால் அழுத்தினார். நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று அறிவதற்கு இவை. இந்தச் சோதனை எதுவும் இல்லாமல் நேரே கட்டிலில் படுக்கச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உடையைப் பொறுத்தவரை, தளர்வான சட்டையும் காற்சட்டையும் போதும். பெண்கள் பெண் கைரோபிராக்டரைக் கேட்கலாம், கூட ஒருவரை அறைக்குள் வைத்திருக்கலாம். ஒன்ராறியோவில் எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் அது என்ன, என்ன பயன், என்ன ஆபத்து, வேறு வழி என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கி உங்கள் சம்மதத்தைப் பெற வேண்டும். சம்மதம் தந்தபின், கட்டிலில் படுத்தபின்கூட, வேண்டாம் என்று சொல்லலாம். பெரியவர்கள் முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதை இல்லை என்று எண்ணிப் பேசாமல் படுத்திருக்கிறார்கள். நீங்கள் கூடப் போகிறவராக இருந்தால் அவர்களுக்காகக் கேளுங்கள்.

பலன் எவ்வளவு என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: ஓரளவு. புதிதாக வந்த கீழ்முதுகு நோவுக்கு முதுகெலும்பு அசைப்புச் சிகிச்சை பற்றிய 26 ஆய்வுகளைத் திரட்டி 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரையில், ஆறு வாரங்கள் வரையிலான காலத்தில், 100 புள்ளி நோவு அளவுகோலில் சுமார் 10 புள்ளி குறைவு தெரிந்தது. மருந்துக்கு முந்திச் செய்து பார்க்கக்கூடிய வழிகளில் வெப்ப ஒத்தடம், மசாஜ், அக்குபஞ்சர் ஆகியவற்றோடு இதையும் அதே ஆண்டில் அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி என்ற வைத்தியர் அமைப்பு தன் வழிகாட்டியில் சேர்த்தது. புதிய முதுகு நோவு பெரும்பாலும் எந்தச் சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் காலப்போக்கில் குறையும் என்பதையும் அந்த வழிகாட்டி சொல்கிறது. பிரிட்டனின் வழிகாட்டியோ கை சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே பரிசீலிக்கச் சொல்கிறது. எனக்கு இதில் படுவது: முதுகு, கழுத்து நோவுக்கு இது பல நல்ல வழிகளில் ஒன்று. ஆஸ்துமா, காதுக் கிருமி, குழந்தையின் வயிற்றுவலி, நீரிழிவு என்று யாராவது பட்டியல் நீட்டினால் அதை நம்பாதீர்கள். அவற்றுக்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. கைக்குழந்தையின் முதுகை யாரும் முறுக்கத் தேவையில்லை.

சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் தசை நோவது, அலுப்பு, தலையிடி போன்றவை பலருக்கும் வந்து தானே போய்விடும். கழுத்து மட்டும் தனியாகப் பேசவேண்டிய விடயம். கழுத்தெலும்புகளின் இருபக்கத் துளைகள் வழியாக இரண்டு இரத்தக் குழாய்கள் மூளைக்கு ஏறுகின்றன. அரிதாக அவற்றின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் கட்டியாகி, பக்கவாதம் வந்திருக்கிறது. கழுத்தைத் திருப்பியதால்தான் கிழிந்ததா, அல்லது ஏற்கெனவே கிழியத் தொடங்கிய நோவோடு வந்தவரைத் திருப்பினார்களா என்பது இன்னும் முடியாத விவாதம். 2008இல் வெளிவந்த, ஒன்ராறியோவில் ஒன்பது ஆண்டுகளில் இவ்வகைப் பக்கவாதம் வந்த 818 பேரைப் பற்றிய ஆய்வில், பக்கவாதத்துக்கும் கைரோபிராக்டரிடம் போனதற்கும் இடையே கண்ட தொடர்பு குடும்ப வைத்தியரிடம் போனதற்கும் தெரிந்தது. அதாவது, கிழிந்த நோவே பலரை இரு இடத்துக்கும் போகவைத்திருக்கலாம். இருந்தாலும், இந்தத் தொடர்பைப் பற்றி நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் கூறியது. என் சொந்த முடிவு, கழுத்தை வேகமாகத் திருப்ப விடுவதில்லை. மெதுவான அசைப்பும் பயிற்சியும் எனக்குப் போதுமாக இருந்தன. நீங்கள் வேறு முடிவு எடுக்கலாம், ஆனால் தெரிந்து எடுங்கள். இதுவரை வந்திராத மாதிரி திடீர்க் கழுத்து நோவோ தலையிடியோ வந்தால், கூடவே தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக் குழறல், முகம் மரத்தல், நடை தள்ளாட்டம் இருந்தால், எந்தக் கிளினிக்குக்கும் போகாதீர்கள். அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள்.

முதுகு நோவிலும் அப்படிச் சில உண்டு. சிறுநீர் போகாமல் நின்றுவிடுவது அல்லது தெரியாமல் போவது, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் வலுவிழந்துகொண்டே போவது: அன்றே அவசர சிகிச்சைப் பிரிவு. காய்ச்சலோடு முதுகு நோ, காரணமில்லாமல் மெலிவது, படுத்தாலும் குறையாத இரவு நோ: குடும்ப வைத்தியர். நம் நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் காசநோய் முதுகெலும்பைத் தாக்கியிருக்கவும் கூடும். அந்த முதுகில் யாரும் அழுத்தவே கூடாது.

பணம். ஒன்ராறியோ அரசின் சுகாதாரக் காப்புறுதி 2004 டிசம்பரிலிருந்து இதற்குப் பணம் கொடுப்பதில்லை. வேலையிடத்துக் காப்புறுதி இருந்தால் ஆண்டுக்கு எவ்வளவு, ஒரு தடவைக்கு எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கார் விபத்தில் சிறு காயம் என்று வகைப்படுத்தப்பட்டால் எல்லாச் சிகிச்சைக்கும் சேர்த்துக் கார்க் காப்புறுதி தரும் உச்சவரம்பு 3,500 டொலர். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கிளினிக் அதை நிரப்பி நீங்கள் போகாத நாளுக்கும் காப்புறுதியிலிருந்து பணம் எடுத்தால், பிறகு உண்மையாகத் தேவைப்படும்போது அந்த 3,500 தீர்ந்திருக்கும்.

என் கழுத்து நோவுக்குப் போன இடத்தில் முதல் நாளே எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் சிவப்புக் கோடு கீறி, கழுத்தின் வளைவு போய்விட்டது, 40 தடவை வந்தால்தான் திரும்பும், இன்றே மொத்தமாகக் கட்டினால் கழிவு உண்டு என்றார்கள். பயத்தில் கடனட்டையை நீட்டினேன். 12 தடவை போனேன். மீதிப் பணத்தைத் திரும்ப வாங்க நான்கு மாதம் ஆயிற்று. சாதாரண முதுகு, கழுத்து நோவுக்கு எக்ஸ்ரே முதல் நாளில் தேவையில்லை. முன்பணமும் வேண்டாம். ஆறு தடவைக்குள் ஏதாவது மாற்றம் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று முதல் நாளே கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

அம்மாவுக்கு அந்தப் பெண் செய்தது மிக எளியது. தசைகளை நிதானமாக அழுத்தித் தளர்த்தினார், இடுப்பு மூட்டை மெல்ல ஆட்டினார், குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு செய்ய மூன்று பயிற்சிகள் சொல்லித்தந்தார், படுக்காமல் நடக்கச் சொன்னார், குடும்ப வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்தாம் தடவை போனபோது, "இனி வரத் தேவையில்லை அன்ரி, வீட்டில் செய்வதை விடாதீர்கள்" என்று அனுப்பிவிட்டார். இப்போது காலையில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் அம்மா மேசை விளிம்பைப் பிடித்தபடி பத்துத் தடவை குந்தி எழுகிறார். போன கிழமை அரிசி வாங்கியபோது 20 இறாத்தல் பையாகப் பார்த்து எடுத்தார், அதைத் தானே தூக்கி வந்து வைத்தார்.